அரை நூல் குறைஞ்ச கல்

அந்தக் கல்லுமேல மட்டும் உக்காராதீங்க தம்பி. இப்படி வாங்க, சிமென்ட் பெஞ்சு காலியாத்தான் கிடக்கு. கோவிச்சுக்காதீங்க. அது அம்மனுக்குன்னு செஞ்ச கல்லு. அம்மனுக்கு ஆகலை, அது வேற விஷயம். ஆகாத கல்லுன்னாலும் பேரு சொல்லி உளி போட்டது, அதுல நாம உக்காரக் கூடாது.

மினி பஸ்ஸுக்குத்தானே நிக்கிறீங்க? வரும். எப்ப வரும்னு கேக்காதீங்க, வரும். சோலாருக்கு நிலம் அளக்க வந்தவங்களோட வந்தீங்களா? காலையில முக்காலியை ஊனி எட்டிப் பாத்துக்கிட்டு இருந்தாங்களே, அவங்களோட? அப்ப நீங்க கணக்குப் படிச்சவரு. நல்லதாப் போச்சு. உங்களை மாதிரி ஆளுகிட்ட நான் ஒரு கணக்குக் கேக்கணும். இருங்க, ஃபோனை எடுக்காதீங்க. முதல்ல விஷயத்தைச் சொல்லிடறேன். விஷயம் தெரியாம கணக்கை மட்டும் கேட்டா, தட்டிப் பாத்து ஒரு நம்பரைச் சொல்லிட்டுப் போயிடுவீங்க. அப்படித்தான் எல்லாரும் போறாங்க.

என் பேரு அடைக்கலம். இந்த ஊருக்குத் தண்ணி விட்டுக்கிட்டு இருந்தது நான்தான். அந்தா தெரியுது பாருங்க, பஞ்சாயத்து டேங்கு. காலையில மோட்டார் போட்டு அதை நிரப்பி, தெருத் தெருவா வால்வைத் திறந்து விடணும். நான் சாவியை எடுத்துக்கிட்டுக் கிளம்பினாத்தான் இந்த ஊர்ல உலை கொதிக்கும். இப்ப அந்தச் சாவி என்கிட்ட இல்லை. வாங்கிட்டாங்க. அது ஒரு அநியாயம், அதையும் சொல்றேன். ஆனா முதல்ல கல்லு.

எங்க அம்மன் பேரு செல்லாயி. சன்னதிக்கு முன்னால ஒரு படையல் கல்லு இருந்துச்சு. பொங்கலோ கோழியோ, எதுவா இருந்தாலும் முதல்ல அதுமேல வச்சுத்தான் எடுப்போம். நீளம் ஒரு முழம், அகலம் ஒரு முழம், உசரமும் ஒரு முழம். எந்தப் பக்கம் திருப்பிப் போட்டாலும் ஒரே அளவு. யாரு அடிச்சதுன்னு யாருக்கும் தெரியாது. அது பாட்டுக்கு இருந்துச்சு.

அந்த வருஷம் மழை விடாமப் பேஞ்சுச்சு. மழை நின்ன கையோட பிள்ளைகளுக்கு வாந்தியும் பேதியும் வர ஆரம்பிச்சுச்சு. குவாரியில கல்லு உடைக்கிற பெரியணன்னு ஒருத்தரு. அவரு சம்சாரம் ராக்காயி. ரொம்ப நாள் கழிச்சுப் பொறந்த ஒரே பையன் அவங்களுக்கு. முதல் நாள் நல்லாச் சோறு தின்னவன், மறுநாள் பொழுது சாயறதுக்குள்ள போயிட்டான். கண்ணு உள்ள போயி, உதடு வெடிச்சு, தோலைப் பிடிச்சு இழுத்தா அப்படியே நிக்குது. அந்தப் பையனை நான்தான் தூக்கிக் குழியில இறக்கினேன். கனமே இல்லை தம்பி.

காரியம் முடிஞ்ச அடுத்த வெள்ளிக்கிழமை கோயில்ல கூடியிருந்தோம். ராக்காயி ஓரமா நின்னுச்சு. அது அதுக்கு முன்னாடி சாமியாடினதே கிடையாது. பூசாரி தீபத்தைக் காட்டினதும் ஒரே ஓட்டமா ஓடியாந்து அந்தப் படையல் கல்லைக் கட்டிப் பிடிச்சுக்கிச்சு. பிள்ளையைக் கட்டிப் பிடிக்கிற மாதிரி. கன்னத்தை அதுல வச்சுத் தேய்க்குது. குரல் அதோட குரலே இல்லை.

"இது பத்தலை. இதை ரெண்டாக்கு. வடிவு மாறாம ரெண்டாக்கு. இல்லைன்னா நானே எடுத்துக்குவேன்."

சொன்னது அவ்வளவுதான். சொல்லிட்டு மயங்கி விழுந்துருச்சு. எழுந்திரிச்சப்புறம் கேட்டா, நான் என்ன சொன்னேன்னு எனக்குத் தெரியாதுன்னு அழுவுது. ஆனா ஊரே கேட்டுச்சே.

கோயில் வேலைன்னா முன்னாடி நிக்கிறவன் நான். ரெண்டாக்குன்னா என்ன? ஒரு முழம் இருந்ததை ரெண்டு முழம் ஆக்கணும். நீளம் ரெண்டு, அகலம் ரெண்டு, உசரம் ரெண்டு. இதுல யாருக்கும் சந்தேகம் வரலை. பெரியணன் நானே அடிச்சுத் தர்றேன், காசு வேணாம்னுட்டாரு. பிள்ளையைப் பறிகுடுத்த மனுஷன், அவருக்கு அந்த உளியைப் பிடிச்சுக்கிட்டு இருந்தாத் தேவலைன்னு இருந்துருக்கும்.

என் பொண்ணுக்கு மட்டும் சந்தேகம் வந்துச்சு. ஓவியா. ஏழாவது படிச்சுக்கிட்டு இருந்தா. கணக்குன்னா அவளுக்கு உசிரு. அது எங்கேருந்து வந்துச்சுன்னு தெரியலை, எனக்குக் கழித்தலே தடுமாறும். ஒரு நாள் நான் சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன், வாசல்ல உக்காந்து ஈர மண்ணைப் பிசைஞ்சு, ஸ்கேலை வச்சு, ஒரே அளவுல சின்னச் சின்னக் கட்டியா அறுத்து வச்சிருக்கா. ஒண்ணைத் தனியா வச்சா. மத்ததை அடுக்கி, நீளம் ரெண்டு, அகலம் ரெண்டு, உசரம் ரெண்டுன்னு ஒரு பெரிய கட்டி ஆக்கினா. அப்பா எண்ணிப் பாருங்கன்னா. கீழ நாலு, மேல நாலு.

"அம்மன் ரெண்டுதானேப்பா கேட்டுச்சு. நீங்க எட்டு குடுக்கப் போறீங்களே."

நான் அதட்டிட்டேன். சாமி விஷயத்துல வாயைக் குடுக்காதேன்னு சொன்னேன். கூடக் குடுத்தா சாமி வேண்டாம்னா சொல்லும்னும் கேட்டேன். எதிர்த்துப் பேசுற பிள்ளை இல்லை அது. மண்ணைக் கலைச்சுட்டுக் கையைக் கழுவப் போயிட்டா.

நீங்க உக்காரப் போனீங்களே, அதுதான் அந்த எட்டு மடங்குக் கல்லு. பழைய கல்லை நாலு பேரு முக்கி முனகி நகத்திருவோம். இதைத் தூக்க ஜேசிபி வரவேண்டியதாப் போச்சு. அப்பவே நான் யோசிச்சிருக்கணும். சன்னதி முன்னால அடித்தளத்துக்குக் குழி தோண்டுறப்ப, ஜேசிபிக்காரன் நம்ம மெயின் பைப்பை உடைச்சுட்டான். பைப்பு அங்க சாக்கடையை ஒட்டித்தான் போகுது, எல்லா ஊர்லயும் அப்படித்தானே போகுது. நல்ல நேரம் முடியப் போகுதுன்னு பூசாரி கத்துறாரு. புதுப் பைப்பு வாங்க டவுனுக்கு ஓடிக்கிட்டு இருக்க முடியுமா? சைக்கிள் டியூபை வெட்டி, இறுக்கிச் சுத்தி, கம்பியைப் போட்டு முறுக்கிட்டேன். கொஞ்சம் கசிஞ்சுச்சு. கசியாத பைப்பு எந்த ஊர்ல இருக்கு, சொல்லுங்க. மேல மண்ணைத் தள்ளி மூடியாச்சு.

கல்லை வச்சு, பெரிய அண்டா நிறையப் பானகம் கரைச்சு ஊருக்கே ஊத்தினோம். என் கையாலதான் தண்ணி புடிச்சு ஊத்தினேன், வெளித் தண்ணி ஒரு சொட்டு கலக்கலை. பிள்ளைங்க வரிசையில திரும்பத் திரும்ப வந்து வாங்கிக் குடிச்சுதுங்க.

அதுக்கப்புறம்தான் தம்பி ஊரே படுத்துச்சு. முன்னாடி ஒண்ணு ரெண்டு வீட்டுல இருந்தது, கோயில் தெரு பூராவும் பரவிருச்சு. வாந்தி எடுக்கிற சத்தம் கேக்காத வீடு இல்லை. தெக்குத் தெருவுல ஒரு கிழவரு போனாரு. நடக்கப் பழகிக்கிட்டு இருந்த ஒரு குழந்தை போச்சு. கல்லு வச்சும் நிக்கலை. வச்சதுக்கு அப்புறம்தான் கூடுது. அப்பத்தான் எனக்கு ஓவியா சொன்னது உறைச்சுச்சு. ரெண்டு கேட்ட இடத்துல எட்டைக் கொண்டுபோய் வச்சா அதுக்குப் பேரு பக்தியா? திமிரு. உனக்கு என்ன வேணும்னு உன்னைவிட எனக்குத் தெரியும்னு சாமிகிட்டயே சொல்ற திமிரு.

இது எனக்குப் புரிஞ்சுபோச்சு. புரியாத ஒரு ஆளு இருந்துச்சு. கிராம நர்ஸு திலகம், ஸ்கூட்டியில வரும். அது பஞ்சாயத்து ஆபீஸுக்கு முன்னால ஊரைக் கூட்டி, சாக்கடைத் தண்ணி குடிதண்ணியில கலக்குதுன்னு சொல்லுச்சு. மோட்டார் நிக்கிற நேரத்துல பைப்பு வெளியில கிடக்கிறதை உள்ளுக்கு இழுக்குமாம். நான் டியூபு சுத்தின இடத்தை நேராக் கையைக் காட்டிச் சொல்லுச்சு. டேங்குல பிளீச்சிங் பவுடர் ஒழுங்காப் போடுறாரா உங்க ஆப்பரேட்டர்னு எல்லாருக்கும் கேக்கிற மாதிரி கேட்டுச்சு.

தம்பி, பவுடர் போட்டாத் தண்ணி நாறும். டீ நாறும், ரசம் நாறும். ஜனங்க என்னைத்தான் வைவாங்க. அதனால நான் எப்பவும் கொஞ்சமாத்தான் போடுவேன். கோயில் வேலையில சில வாரம் விட்டும் போச்சு, இல்லைன்னு சொல்லலை. ஆனா அங்க அம்மன் வாய்விட்டுக் கேட்டிருக்கு, கல்லுல தப்பு நடந்திருக்கு. அதையெல்லாம் விட்டுட்டு அந்தம்மா ஒரு டப்பாப் பவுடரைப் பேசிக்கிட்டு நிக்குது.

எனக்குச் சுருக்குன்னு ஆயிப்போச்சு. நேராத் தெருக்குழாய்க்குப் போனேன். ஒரு டம்ளர் புடிச்சு, ஊரே பாக்க நின்னு குடிச்சேன். இன்னொரு டம்ளர் புடிச்சு ஓவியாகிட்ட நீட்டினேன். அவ அவங்கம்மாவைத் திரும்பிப் பாத்தா. வாசுகி, என் சம்சாரம், வேணாம்னு கண்ணைக் காட்டுச்சு.

"குடி பாப்பா. அப்பா விட்ட தண்ணிதானே."

குடிச்சா. மிச்சம் வைக்காமக் குடிச்சுட்டு, புறங்கையால வாயைத் துடைச்சுக்கிட்டு என்னைப் பாத்துச் சிரிச்சா. அன்னைக்கு என் மானத்தைக் காப்பாத்தினது அந்தப் பிள்ளைதான். கூட்டம் கலைஞ்சுருச்சு, நர்ஸம்மா பேச்சை அப்புறம் யாரும் சட்டை பண்ணலை. நானும்தானே குடிச்சேன்? எனக்கு ஒண்ணும் ஆகலையே? இதை யோசிக்க மாட்டேங்குறாங்களே.

வீட்டுக்குப் போனா, வாசுகி ஒரு குடம் தண்ணியைக் காய்ச்சி ஆற வச்சு, துணி கட்டித் தனியா வச்சிருக்கு. கொட்டச் சொல்லிட்டேன். ஊருக்குத் தண்ணி விடுறவன் வீட்டுலயே தண்ணியைக் காய்ச்சிக் குடிச்சா, நாளைக்கு எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு வால்வைத் திறக்கிறது? நீங்களே சொல்லுங்க.

சரி. கல்லுக்கு வர்றேன். பெரியணன் ஒரு வழி சொன்னாரு. எட்டு மடங்கை எடுத்துருவோம். பழைய கல்லு மாதிரியே இன்னொண்ணு அடிச்சுப் பக்கத்துல சேத்து வச்சுருவோம். ஒண்ணும் ஒண்ணும் ரெண்டு. கேக்க நல்லாத்தான் இருந்துச்சு. அந்தா மரத்தடியில ஜோடியாக் கிடக்குதே, அதுதான். வச்ச அன்னைக்கே ராக்காயிக்கு மறுபடி வந்துருச்சு. படுக்கையா கேட்டேன், படுக்கையா கேட்டேன்னு ரெண்டு கல்லு மேலயும் மாத்தி மாத்தி அறையுது, உள்ளங்கை கிழிஞ்சு ரத்தம் வருது. ரெண்டையும் ஒட்டி வச்சா நீளமாக் கட்டில் மாதிரித்தானே ஆகும், வடிவு மாறக் கூடாதுன்னு முதல்லயே சொல்லியிருந்துச்சு. நாங்கதான் மறந்துட்டோம்.

ஓவியாதான் என்னை அவங்க டீச்சர்கிட்டக் கூட்டிக்கிட்டுப் போனா. ஜெனிட்டான்னு, பக்கத்து ஊரு ஹைஸ்கூல்ல கணக்கு எடுக்கிறவங்க, சின்ன வயசு. நான் சொன்னதைக் கேட்டுட்டு அவங்க முகம் ஒரு மாதிரி ஆயிப்போச்சு. இது ரொம்பப் பழைய கணக்குங்க, ரெண்டாயிரம் வருஷத்துக்கு முந்தினதுன்னாங்க. எங்கேயோ கிரேக்க நாட்டுல கடலுக்கு நடுவுல ஒரு தீவு. அங்க கொள்ளைநோய் வந்து ஜனங்க செத்தாங்களாம். சாமிகிட்டக் குறி கேட்டா, என் பலிபீடத்தை ரெண்டு மடங்கு ஆக்குன்னு வந்துச்சாம். அவங்களும் எங்களை மாதிரியே நீள அகல உசரத்தை ரெட்டிப்பு பண்ணி எட்டு மடங்கு ஆக்கிட்டாங்க. நோய் இன்னும் கூடுச்சாம். பெரிய பெரிய அறிவாளிங்கெல்லாம் காம்பஸையும் ஸ்கேலையும் வச்சுக்கிட்டு அந்த ரெண்டு மடங்குக்கு ஒரு பக்கம் எவ்வளவுன்னு வரையப் பாத்து முடியலையாம். அதை வச்சு வரையவே முடியாதாம்.

எனக்கு உடம்பு புல்லரிச்சுப் போச்சு. கடல் கடந்து அங்கயும் இதே அம்மன்தான் வேற பேருல இருந்திருக்கு, இதே கல்லைத்தான் கேட்டிருக்கு. டீச்சர் பதறிப்போயி, அது கதைங்க, வகுப்புல பிள்ளைங்களுக்கு ஆர்வம் வரட்டும்னு சொல்ற கதை, நீங்க நர்ஸம்மா சொல்றதைக் கேளுங்க, தண்ணியைக் காய்ச்சிக் குடிங்கன்னு என்னென்னமோ சொன்னாங்க. நான் அளவை மட்டும் சொல்லுங்கன்னேன். ஓவியா டீச்சர் கையைப் பிடிச்சுக்கிட்டு, சொல்லுங்க மிஸ், அப்பாவுக்குத் தெரியணும்னா. அவங்களுக்கு வேற வழியில்லை.

முழம்னா பதினெட்டு அங்குலம். அதுக்கு ரெண்டு மடங்குக் கல்லு வேணும்னா ஒரு பக்கம் இருபத்திரண்டு அங்குலம் அஞ்சு நூல், அதுக்கு மேல ஒரு அரை நூலுக்குச் சித்தே கம்மியா இருக்கணும். நூலுன்னா அங்குலத்தை எட்டாப் பிரிச்சா அதுல ஒரு பங்கு. டீச்சர் புள்ளி வச்சு நம்பரா எழுதிக்கிட்டே போனாங்க, அப்புறம் பேனாவை மூடிட்டாங்க. இது முடியாதுங்க, போய்க்கிட்டே இருக்கும்னாங்க.

பெரியணன் கேட்டுட்டு, அஞ்சு நூல் வரைக்கும் என் கை வரும், அதுக்கு மேல அரை நூலுக்குச் சித்தே கம்மின்னா அது உளிக்கு எப்படித் தெரியும்னு கேட்டாரு. கூட விட்டுட்டு அப்புறம் தேய்ச்சுக்கலாம்னேன். கூடப் போனா முதல் கல்லு மாதிரி ஆயிருமேன்னு அவருக்குப் பயம். கூட வேணாம், குறைச்சலாவே இருக்கட்டும், சாமி மன்னிச்சுக்கும்னாரு. நானும் சரின்னுட்டேன்.

அந்த நாளெல்லாம் ஓவியா பள்ளிக்கூடம் விட்டா நேரா குவாரிக்குத்தான் வருவா. டேப்புல ஒரு முனையை அவ பிடிப்பா, ஒரு முனையை நான் பிடிப்பேன். மூலைக்கு மூலை வச்சுப் பாப்பா. பெரியணன்கூட, நீ இருந்தாக் கல்லு நேரா வருதும்மான்னு சொல்வாரு. அவருக்கு அவ மேல ஒரு பிரியம். தாகமெடுத்தா நான் கொண்டுபோற கேன்லேருந்து அவருக்கும் ஊத்திக் குடுத்து அவளும் குடிப்பா.

கல்லு வைக்கிற அன்னைக்கு விடியறப்ப அவளுக்கு வாந்தி எடுத்துச்சு. ரெண்டு தடவை எடுத்துட்டு, ஒண்ணுமில்லப்பா நீங்க போங்க, கல்லை வச்சுட்டு வாங்கன்னா. வாசுகி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கிட்டுப் போகணும்னு நின்னுச்சு. நான் சொன்னேன், இன்னும் கொஞ்ச நேரம், கல்லு உக்காந்துட்டா எல்லாமே சரியாயிரும், இவளுக்கும் சேத்துத்தானே வைக்கிறேன்னு. அதுல என்ன தப்பு? ஆஸ்பத்திரிக்குப் போனவங்க எத்தனை பேரு திரும்பி வந்தாங்க? அன்னைக்கு அந்தக் கல்லைவிட எனக்கு அவசரமான மருந்து எதுவும் தெரியலை.

நான் கோயில்ல மட்டம் பாத்துக்கிட்டு இருக்கேன். வாசுகி பிள்ளையைத் தோள்ல போட்டுக்கிட்டு ரோட்டுக்கு வந்துருச்சு. யாரோ 108-க்கு ஃபோன் போட்டிருக்காங்க. இதே இடத்துலதான் வண்டி வந்து நின்னுச்சு. நான் ஓடி வந்தேன். அதுக்குள்ள அவ கண்ணு உள்ள போயிருச்சு தம்பி. காலையில பேசிக்கிட்டு இருந்த பிள்ளை. தண்ணின்னா. என் கையில கேன் இருந்துச்சு, மூடியிலேயே ஊத்தி வாய்கிட்டக் கொண்டுபோனேன். வாசுகி ஓங்கி ஒரு தட்டு தட்டுச்சு பாருங்க, மூடி அந்தப் பக்கம், கேன் இந்தப் பக்கம். தாகத்துல தவிக்கிற பிள்ளைக்குக் குடுக்கிற தண்ணியைப் பெத்தவ தட்டி விடுவாளா? இதை நான் யாருகிட்டப் போயிச் சொல்ல?

வண்டிக் கதவைச் சாத்துறப்ப ஓவியா என்னைப் பாத்தா.

"அப்பா, சரியா வந்துச்சா?"

"வந்துருச்சு பாப்பா"ன்னேன். அரை நூலைப் பத்தி நான் அவகிட்டச் சொல்லலை.

புதுக்கோட்டை போய்ச் சேரலை. பாதி வழியிலேயே முடிஞ்சுருச்சு.

ஆனா பாருங்க, அவளோட அது நின்னுச்சு. அவளுக்கு அப்புறம் இந்த ஊர்ல ஒரு உசிரு போகலை. ஒரு பிள்ளை புதுசாப் படுக்கலை. கல்லு வேலை செஞ்சிருக்கா இல்லையா? நர்ஸம்மா பெரிய அதிகாரிகளைக் கூட்டியாந்து, அன்னைக்கே மெயின் லைனை அடைச்சு, லாரியில தண்ணி கொண்டாந்து விட ஏற்பாடு பண்ணுச்சு. அதனாலதான் நின்னுச்சுன்னு ஊரு சொல்லுது. லாரித் தண்ணிக்கு என்ன தெரியும்? கல்லு வச்ச அன்னைக்குத்தான் லாரியும் வந்துச்சு, அது தற்செயலு. அந்த டியூபைத் தோண்டி எடுத்து எல்லாருக்கும் தூக்கிக் காட்டினாங்க. கறுப்பா, வழவழன்னு, ஏதேதோ ஒட்டிக்கிட்டு. மண்ணுக்குள்ள கிடந்த டியூபு வேற எப்படி இருக்கும்? அன்னைக்குத்தான் சாவியை வாங்கினாங்க. பெரியணன்தான் வந்து கேட்டாரு. கையை நீட்டினாரு, நான் குடுத்துட்டேன். என்னோட இத்தனை நாளு கல்லடிச்ச மனுஷன், அதுக்கப்புறம் என் முகத்தைப் பாக்கலை.

வாசுகி அண்ணன் வீட்டுக்குப் போயிருச்சு. போறப்ப ஒரு வார்த்தை கேட்டுச்சு, நீ எதை அளந்துக்கிட்டு இருந்தன்னு. கல்லைத்தான் அளந்தேன்னு சொன்னேன். கதவைக்கூடச் சாத்தாமப் போயிருச்சு. கேட்ட கேள்விக்குத்தானே நான் பதில் சொன்னேன்?

கொஞ்ச நாள் கழிச்சு டீச்சர்கிட்டப் போனேன். அந்த அரை நூல் எல்லாப் பக்கமும் குறைஞ்சதுல மொத்தக் கல்லுல எவ்வளவு குறைஞ்சிருக்கும்னு கேட்டேன். அவங்க போட்டுப் பாத்துட்டு, நூல் அளவுதானேன்னு நினைக்காதீங்க, எல்லாப் பக்கமும் சேந்தா மூணே முக்கால் கிலோ கிட்ட வரும்னாங்க. சொன்னப்புறம்தான் நான் எதுக்குக் கேக்கிறேன்னு அவங்களுக்கு உறைச்சிருக்கும்போல. நோட்டு மேலயே தலையைக் கவுத்துக்கிட்டு அழுதாங்க. இப்ப என்னைத் தூரத்துல பாத்தாலே வேற பக்கம் போயிடறாங்க.

ஓவியா பொறந்தப்ப ஆஸ்பத்திரியில தராசுல போட்டுட்டு நர்ஸு கூப்பிட்டுச் சொல்லுச்சு, நல்ல கனம், மூணே முக்கால் கிலோன்னு. என் கையிலதான் குடுத்தாங்க. அந்தக் கனம் எனக்கு இன்னும் கையில இருக்கு. நானே எடுத்துக்குவேன்னு அம்மன் சொல்லியிருந்துச்சில்ல. குறைஞ்சதை மட்டும் எடுத்துக்கிச்சு. கூட எடுக்கலை, குறைச்சு எடுக்கலை. அம்மன் கணக்கு சரியாத்தான் இருக்கு. எங்க கணக்குதான் அரை நூல் குறைச்சல்.

இப்பச் சொல்லுங்க தம்பி. ஃபோனை எடுங்க, எடுத்துப் போட்டுப் பாருங்க. ரெண்டு மடங்குக் கல்லுக்கு ஒரு பக்கம்னு வர்ற அந்த நம்பரு எங்க முடியுது? முடியுற இடம் தெரிஞ்சா, நான் இன்னொரு கல்லு அடிச்சிருவேன். பெரியணன் வரமாட்டாரு, வேற ஆளு பாத்துக்கிறேன். குவாரியில கல்லு பாத்து வச்சிருக்கேன். சரியா அடிச்சு வச்சுட்டா, எடுத்தது கூடுதலாயிருமில்ல? கூடுதலா எடுத்ததைத் திருப்பிக் குடுத்துத்தானே ஆகணும்?

முடியாதா? அப்படியா. நீங்களும் அதையேதான் சொல்றீங்க. எழுத எழுதப் போய்க்கிட்டே இருக்கும்னா, எந்தக் கல்லும் சரியா வராதுன்னா, அம்மன் எதுக்கு அதைக் கேக்கணும்?

பரவாயில்லை. உங்களை நான் குறை சொல்லலை.

ஒண்ணு சொல்றேன், பயந்துக்காதீங்க. உச்சி வெயில்ல, தெருவுல ஆளு நடமாட்டம் இல்லாதப்ப, அவ வர்றா. கல்லுகிட்ட வர்றதில்லை. கல்லைத் திரும்பிக்கூடப் பாக்கிறதில்லை. அந்தா தெரியுதே, அந்தத் தெருக்குழாயடியில வந்து நிக்கிறா. யூனிஃபார்ம்தான். உதடெல்லாம் வெடிச்சுக் கிடக்கு. பேச மாட்டேங்குறா, ஆனா எனக்குத் தெரியும், தண்ணிக்குத்தான் நிக்கிறா. நான் டம்ளர்ல புடிச்சு நீட்டுவேன். குடி பாப்பா, இப்பப் புதுப் பைப்பு, பவுடரெல்லாம் போட்டுத்தான் விடுறாங்கன்னு சொல்லுவேன். டம்ளரைப் பாப்பா. என்னைப் பாப்பா. கையைப் பின்னால கட்டிக்குவா. அன்னைக்கு ஊரே பாக்க வாங்கிக் குடிச்சவதானே, இப்ப எதுக்கு மாட்டேங்குறான்னு எனக்குப் புரியலை. அவங்கம்மா ஏதும் சொல்லி அனுப்பியிருக்கோ என்னமோ. தினமும் நிக்கிறா. தினமும் வாய் காஞ்சுதான் போறா.

சத்தம் கேக்குதா? மினி பஸ்தான். வளைவுல வர்றப்பவே ஹாரன் அடிப்பான். எந்திரிங்க, கையைக் காட்டினாத்தான் நிப்பான்.

தம்பி, ஒண்ணு கேக்கலாமா. உங்க பையில பக்கவாட்டுல செருகியிருக்கே, கடைத் தண்ணி பாட்டில். பாதி இருக்கும்போல. அதை விட்டுட்டுப் போறீங்களா? எனக்கில்லை. நான் எப்பவும் குழாய்த் தண்ணிதான். என்கிட்டக் குடுக்காதீங்க, நான் தொட வேணாம். நீங்களே குழாயடியில வச்சுட்டு வந்துருங்க, பஸ்ஸை நான் நிறுத்தி வைக்கிறேன்.

மூடியை மட்டும் கொஞ்சம் திருகித் தளர்த்தி வச்சிருங்க தம்பி. அவளுக்குக் கையில வலு இல்லை.